அமெரிக்க வாடகை உதவிச்சீட்டுத் திட்டத்தில் சிறு வீட்டு உரிமையாளர்: இடர் இடம்மாறிய வரலாறு (1965–2021)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குறைந்த வருமானக் குடும்பங்கள் தனியார் வீடுகளில் குடியிருப்பதற்கு, வாடகையில் ஒரு பங்கை அரசே செலுத்தும் திட்டம் 1974 முதல் நடைமுறையில் உள்ளது. ‘எட்டாம் பிரிவு’ என்று வழங்கப்படும் இத்திட்டம் தனியார் உரிமையாளர்களின் இசைவை நம்பியே இயங்குகிறது. ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் வாடகைக்கு விடும் சிறு உரிமையாளர்கள் இதில் எதிர்கொண்ட சிக்கல்களைச் சட்டத் திருத்தங்களின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமையாளரைக் கட்டுப்படுத்திய விதிகள் நீக்கப்பட்ட காலத்திலேயே அவருக்கு இருந்த காப்புகளும் நீக்கப்பட்டன. அந்நீக்கத்தின் சுமை சிறு உரிமையாளர்மீதே மிகுதியாக விழுந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: எட்டாம் பிரிவு, வாடகை உதவிச்சீட்டு, சிறு உரிமையாளர், நியாயச் சந்தை வாடகை, வருமான மூலப் பாகுபாடு.

1. முன்னுரை

வாடகை உதவிச்சீட்டு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு தரப்பினரை மையமாகக் கொண்டவை. ஒன்று அரசு, மற்றொன்று உதவி பெறும் குடும்பம். மூன்றாம் தரப்பாகிய வீட்டு உரிமையாளர் ‘சந்தை’ என்னும் பொதுச்சொல்லுக்குள் அடக்கப்பட்டுவிடுகிறார். ஆனால் அமெரிக்க வாடகைச் சந்தை ஒரே தன்மையுடையது அன்று. ஒன்று முதல் நான்கு வீடுகள் வரை கொண்ட வாடகைக் கட்டடங்களில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை நிறுவனங்களுக்கு அல்லாமல் தனிமனிதர்களுக்கே உரியவை என்பதை அந்நாட்டு வாடகை வீட்டு நிதி அளவாய்வுகள் காட்டுகின்றன. ஓய்வு பெற்றவர், மரபுரிமையாக ஒரு வீட்டைப் பெற்றவர், மாடியில் தாம் குடியிருந்து கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுபவர் எனப் பலர் இவர்களுள் அடங்குவர்.

ஏறத்தாழ 23 இலட்சம் குடும்பங்கள் உதவிச்சீட்டின் துணையால் வாழ்கின்றன. தகுதியுடைய குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கே அரசின் வீட்டுவசதி உதவி கிடைக்கிறது. பல ஆண்டுகள் காத்திருந்து சீட்டைப் பெற்ற பின்னரும், அதை ஏற்கும் உரிமையாளர் அமையாவிட்டால் சீட்டு காலாவதியாகிவிடும். எனவே உரிமையாளர் ஏன் தயங்குகிறார் என்னும் வினா, ஏழைக் குடும்பத்தின் வாழிடத்தைத் தீர்மானிக்கும் வினாவாகவும் அமைகிறது.

2. திட்டத்தின் தோற்றம்

1937ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அரசே குடியிருப்புகளைக் கட்டும் முறையை நிலைநாட்டியது. கட்டடம் எழுப்புவதற்கு மாற்றாக ஏழைகளுக்கு வாடகைச் சான்றிதழ் வழங்கலாம் என்னும் கருத்து அக்காலத்திலேயே முன்வைக்கப்பட்டது, எனினும் ஏற்கப்படவில்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவே தனியார் வீட்டை இத்துறைக்குள் முதன்முதலில் முறையாகக் கொண்டுவந்தது. அதன்படி உள்ளூர் வீட்டுவசதி முகமை தனியாரிடமிருந்து வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஏழைக் குடும்பத்திற்கு உள்வாடகைக்கு விட்டது. இம்முறையில் உரிமையாளரின் வாடகைதாரர் முகமையே என்பது கருதத்தக்கது. வாடகை நிலுவையும் வீட்டின் சேதமும் முதலில் முகமையின் பொறுப்பாகவே இருந்தன.

செயின்ட் லூயிஸ் நகரின் புரூயிட்–ஐகோ அடுக்குமாடிக் குடியிருப்பு 1972 முதல் இடிக்கப்பட்டது அரசுக் குடியிருப்புகளின் தோல்விக்குச் சான்றாகப் பேசப்பட்டது. 1973 சனவரியில் குடியரசுத் தலைவர் நிக்சனின் அரசு மானிய வீட்டுவசதித் திட்டங்களுக்குப் புதிய நிதி ஒப்புதலை நிறுத்தி வைத்தது. அதே பத்தாண்டில் வீட்டுவசதி உதவித்தொகைப் பரிசோதனைகளும் நடைபெற்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே, இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஆகிய இடங்களில் நடந்த பரிசோதனை, உதவித்தொகை வழங்குவதால் சந்தையில் வாடகை பெரிதாக உயரவில்லை எனக் கண்டது. உதவித்தொகையால் வாடகை ஏறுமா என்பதே அப்பரிசோதனையின் முதன்மை வினா. உதவித்தொகையோடு இணைந்து வரும் நிருவாக நடைமுறையைச் சிறு உரிமையாளரால் தாங்க முடியுமா என்பது அவ்வாறு மைய வினாவாக எழவில்லை.

1974 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையொப்பமிட்ட வீட்டுவசதி மற்றும் சமுதாய வளர்ச்சிச் சட்டம், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தி அமைத்தது. அதன் ஒரு கூறாகிய சான்றிதழ்த் திட்டத்தில், குடும்பம் தானே வீட்டைத் தேடிக்கொண்டது. உரிமையாளருக்கும் குடும்பத்திற்கும் நேரடி வாடகை ஒப்பந்தம் ஏற்பட்டது. உரிமையாளருக்கும் முகமைக்கும் இடையில் உதவித்தொகை ஒப்பந்தம் தனியாக ஏற்பட்டது. குடும்பத்தின் பங்கு தொடக்கத்தில் வருமானத்தின் அதிகபட்சம் 25 விழுக்காடாக இருந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் 30 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வாறு 1965இல் முகமையாக இருந்த வாடகைதாரர், 1974இல் குடும்பமாக மாறினார். இடர் இடம்மாறிய வரலாற்றின் முதற்படி இதுவேயாகும்.

3. கட்டுப்பாடும் காப்பும்

1974 முதல் 1995 வரையிலான காலத்தில் உரிமையாளர்மீது கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடக்க வடிவில், குடும்பத்தை வெளியேறுமாறு அறிவிக்கும் உரிமை முகமைக்கே இருந்தது. உரிமையாளர் முகமையிடம் முறையிட மட்டுமே முடியும். 1981க்குப் பின் அவ்வுரிமை உரிமையாளருக்குக் கிடைத்தது. ஆயினும் கடுமையான அல்லது தொடர்ச்சியான ஒப்பந்த மீறல், சட்ட மீறல், பிற தக்க காரணம் ஆகியவை இருந்தாலன்றி வாடகை உறவை முறிக்க இயலாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் இவ்விதி பொருந்தியதால் இது ‘முடிவில்லா ஒப்பந்தம்’ என்று உரிமையாளர்களால் குறைகூறப்பட்டது.

1987ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்தது. உதவி பெறும் ஒரு குடும்பத்தை ஏற்ற உரிமையாளர், பிற உதவிக் குடும்பங்களை அவர்கள் உதவி பெறுகிறார்கள் என்னும் காரணத்திற்காக மறுக்கக்கூடாது என்பது அது. ‘ஒருவரை ஏற்றால் அனைவரையும் ஏற்க வேண்டும்’ என்று இவ்விதி சுருக்கமாக அறியப்பட்டது. எனினும் நான்குக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட கட்டடங்களுக்கே இது பொருந்தியது. பெரிய உரிமையாளரையும் சிறு உரிமையாளரையும் வேறுபடுத்திப் பார்க்கும் நோக்கு சட்டத்திற்கு அறவே இல்லாமல் இல்லை என்பதை இது காட்டுகிறது.

இக்கட்டுப்பாடுகளுக்கு ஈடாக ஒரு காப்பும் இருந்தது. சான்றிதழ்த் திட்டத்தில் குடும்பம் வாடகை செலுத்தாமலோ வீட்டைச் சேதப்படுத்தியோ வெளியேறினால், குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்டு முகமையிடம் இழப்பீடு கோரலாம். வீடு காலியாக இருந்த காலத்திற்கும் சில சூழல்களில் ஈடு கிடைத்தது. முன்பணமாகச் சிறு தொகையையே பெற முடிந்த உரிமையாளருக்கு இதுவே காப்பாக அமைந்தது.

4. 1995 முதல் 1998 வரை நிகழ்ந்த மாற்றம்

1983இல் சோதனை முறையிலும் 1987இல் நிலையாகவும் உதவிச்சீட்டு முறை சான்றிதழோடு இணையாக நடைபெற்றது. இவ்விரண்டையும் ஒருங்கிணைக்கும் முயற்சியின் பகுதியாக 1995ஆம் ஆண்டு விதிகள் சேதத்திற்கும் காலி இருப்பிற்குமான இழப்பீட்டை நீக்கின. அதற்கு மாற்றாக, சந்தை வழக்கத்தை ஒட்டிய முன்பணத்தைக் குடும்பத்திடமே பெற்றுக்கொள்ள உரிமையாளருக்கு வழி விடப்பட்டது. 1996ஆம் ஆண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் முடிவில்லா ஒப்பந்த விதியையும், ஒருவரை ஏற்றால் அனைவரையும் ஏற்க வேண்டும் என்னும் விதியையும் இடைநிறுத்தியது. 1998 அக்டோபர் 21 அன்று நிறைவேறிய தரமான வீட்டுவசதி மற்றும் வேலைப் பொறுப்புச் சட்டம் அவ்விரண்டையும் நிலையாக நீக்கியது. சான்றிதழையும் சீட்டையும் ஒன்றாக்கி இன்றைய உதவிச்சீட்டுத் திட்டத்தை உருவாக்கியது.

இம்மாற்றம் உரிமையாளர்களுக்குச் சாதகமானது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பெரிய உரிமையாளரைப் பொறுத்தவரை இது பொருந்தும். நூறு வீடுகளை உடைய நிறுவனம், ஒரு வீட்டில் நேரும் சேதத்தை மற்ற வீடுகளின் வருவாயால் ஈடுகட்டிக்கொள்ளும். அனைவரையும் ஏற்க வேண்டிய விதி நீங்கியதால் அதற்குத் தேர்வுரிமையும் கிடைத்தது. சிறு உரிமையாளரின் நிலை வேறு. நீங்கிய விதிகளுள் ஒன்று அவருக்குப் பெரும்பாலும் பொருந்தாதது. நீங்கிய காப்போ அவருக்கு இன்றியமையாதது. சந்தை அளவிலான முன்பணம் என்பதும் ஏட்டளவில் நின்ற உரிமையாகவே பலருக்கு அமைந்தது. உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்குக் குறைந்த வருமானமுடைய குடும்பத்தால் பெருந்தொகையை முன்பணமாகத் தர இயலாது. நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றாலும் அத்தொகையை வசூலிப்பது அரிது.

5. நடைமுறைச் சிக்கல்கள்

சிறு உரிமையாளர் எதிர்கொள்ளும் நடைமுறைச் சிக்கல்களை மூன்றாகப் பகுக்கலாம்.

5.1 காலம். சாதாரண வாடகைதாரர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு அன்றே குடிபுகலாம். உதவிச்சீட்டுக் குடும்பத்தின் விண்ணப்பத்தை முகமை பெற்று, கேட்கப்படும் வாடகை அப்பகுதியின் வாடகையோடு ஒத்ததா எனப் பார்த்து, வீட்டை நேரில் ஆய்ந்து, அதன் பின்னரே ஒப்புதல் அளிக்கும். சிறிய முகமைகள் 15 நாட்களுக்குள் வீட்டை ஆய்ந்து முடிக்க வேண்டும் என்று விதி உள்ளது. பெரிய முகமைகளுக்கு ‘நியாயமான காலம்’ என்னும் நெகிழ்வு உண்டு. ஆய்வில் வீடு தேறும் வரை உதவித்தொகை தொடங்காது. இரண்டு வீடுகளை உடைய ஒருவரின் ஒரு வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால், அவர் ஆண்டு வாடகையில் 24இல் ஒரு பங்கை இழக்கிறார். இருநூறு வீடுகளை உடைய நிறுவனத்திற்கு அதே இழப்பு 2,400இல் ஒரு பங்கு மட்டுமே. விதி இருவருக்கும் ஒன்றே. அதன் எடை ஒன்றல்ல.

5.2 ஆய்வு. வீட்டின் தரம் குறித்த ஆய்வு, குடியிருப்போரின் உடல்நலத்திற்கும் பாதுகாப்பிற்கும் தேவையானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. உயிருக்கு ஊறு விளைவிக்கும் குறைகளை 24 மணி நேரத்திற்குள்ளும், ஏனையவற்றைப் பொதுவாக 30 நாட்களுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும். தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட பங்கைக் குடும்பத்திடம் கேட்க முடியாது. பழுதுபார்ப்பவரை நிலையாகப் பணியில் வைத்திருக்கும் நிறுவனத்திற்கு இது வழக்கமான வேலை. வேறொரு பணியில் இருந்துகொண்டு ஒரு வீட்டை வாடகைக்கு விடுபவர், ஆய்வாளரின் வருகைக்காக விடுப்பு எடுக்கவும், பணியாளரைத் தேடவும், மறு ஆய்வுக்காக மீண்டும் காத்திருக்கவும் நேர்கிறது. குடியிருப்போரால் நேர்ந்த சில வகைக் குறைகளுக்கு உரிமையாளர் பொறுப்பல்லர் என்று விதி கூறினாலும், குறை யாரால் நேர்ந்தது என்பதைத் தீர்மானிப்பது எளிதன்று.

5.3 வாடகை. நியாயச் சந்தை வாடகை என்பது பெரும்பாலும் ஒரு பெருநகரப் பகுதி முழுமைக்கும் கணக்கிடப்படும் அளவு. அண்மையில் குடிபுகுந்தோரின் வாடகைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் 40ஆம் விழுக்காட்டு நிலையில் வருவது அது. முகமை அதன் 90 முதல் 110 விழுக்காட்டுக்குள் தன் உதவி வரம்பை வகுத்துக்கொள்ளலாம். பெருநகரம் முழுமைக்கும் ஒரே அளவு வகுக்கப்படுவதால், வசதியான பகுதிகளில் அது சந்தை வாடகையைவிடக் குறைவாகவும், ஏழைப் பகுதிகளில் மிகுதியாகவும் அமைகிறது. நல்ல பள்ளி உள்ள பகுதியில் வீடு வைத்திருப்பவருக்கு உதவிச்சீட்டை ஏற்பது இழப்பு; நலிந்த பகுதியில் வீடு வைத்திருப்பவருக்கு அதுவே ஆதாயம். இக்குறையைக் களைய, அஞ்சல் குறியீட்டு எண் அடிப்படையிலான கணக்கீடு 2016ஆம் ஆண்டு விதியால் 24 பெருநகரப் பகுதிகளில் கட்டாயமாக்கப்பட்டது.

6. தயக்கமா, பாகுபாடா?

உரிமையாளரின் மறுப்பு முழுவதையும் நிருவாகச் சிக்கல்களால் விளக்கிவிட முடியாது. பல நகரங்களில் உதவிச்சீட்டு பெறுவோரில் கறுப்பினக் குடும்பங்கள் மிகுதி. ஆகவே ‘எட்டாம் பிரிவு ஏற்கப்படாது’ என்னும் அறிவிப்பு இனப் பாகுபாட்டிற்குத் திரையாகப் பயன்படக்கூடும். 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், சமயம் போன்றவற்றின் அடிப்படையிலான மறுப்பைத் தடைசெய்தது. வருமானத்தின் மூலத்தை அது குறிப்பிடவில்லை. உரிமையாளர் தாமும் குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மிகாத கட்டடங்களுக்கு அச்சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து விலக்கும் அளித்தது. அவ்விலக்கு ‘திருமதி மர்பி’ என்னும் கற்பனை உரிமையாளரின் பெயரால் இன்றும் வழங்கப்படுகிறது. எளிய கைம்பெண்ணாக உருவகிக்கப்பட்ட அவ்வுரிமையாளர், சிறு உரிமையாளர்மீதான பரிவுக்கும் பாகுபாட்டிற்கு அளிக்கப்பட்ட இசைவுக்கும் ஒரே நேரத்தில் அடையாளமாகிறார்.

நடுவணரசின் சட்டத்தில் பங்கேற்பு விருப்பத்திற்குரியது என்பதை, 1998இல் சல்யூட் எதிர் ஸ்ட்ராட்ஃபோர்டு கிரீன்ஸ் வழக்கில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. மறுஆண்டே நியூ செர்சி உச்ச நீதிமன்றம் ஃபிராங்ளின் டவர் ஒன் வழக்கில் வேறு முடிவுக்கு வந்தது. மாநிலச் சட்டத்தின்படி உதவிச்சீட்டைக் காரணமாகக் கொண்டு வாடகைதாரரை மறுக்க முடியாது என்றும், நடுவணரசின் சட்டம் அதற்குத் தடையில்லை என்றும் அது தீர்ப்பளித்தது. அதன் பின்னர் மாநிலங்கள் இருவேறு திசைகளில் சென்றன. கலிபோர்னியாவில் 2020 சனவரி முதல் உதவிச்சீட்டை மட்டும் காரணமாகக் காட்டி மறுப்பது தடைசெய்யப்பட்டது. டெக்சாஸ் மாநிலமோ, ஆஸ்டின் நகரம் 2014இல் இத்தகைய தடையை இயற்றிய பின்னர், நகரங்கள் அவ்வாறு இயற்றுவதையே 2015இல் தடுத்தது.

2018இல் நடுவணரசின் வீட்டுவசதித் துறைக்காக நகர்ப்புற ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனை ஆய்வு இங்குக் கருதத்தக்கது. உதவிச்சீட்டை மறுத்த உரிமையாளர்களின் அளவு ஃபோர்ட் வொர்த்தில் 78 விழுக்காடு, லாஸ் ஏஞ்சல்சில் 76, பிலடெல்பியாவில் 67, நியூவர்க்கில் 31, வாசிங்டனில் 15 என அது கண்டது. நியூவர்க்கிலும் வாசிங்டனிலும் மறுப்புக்கு எதிரான சட்டக் காப்பு இருந்தது. பிலடெல்பியாவிலும் நகர அளவிலான தடை இருந்தும் மறுப்பு மிகுந்திருந்ததால், சட்டம் இருப்பது மட்டும் போதாது என்பதும் புலனாகிறது.

பால்டிமோர், கிளீவ்லாந்து, டாலஸ் நகரங்களின் உரிமையாளர்களை நேர்கண்டு கார்போடன், ரோசன், டிலூகா, எடின் ஆகியோர் செய்த ஆய்வு மற்றொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. திட்டத்தில் பங்கேற்காத உரிமையாளர்களுள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் முன்பு உதவிச்சீட்டை ஏற்றவர்கள். பட்டறிவுக்குப் பின் விலகியவர்கள். அறியாமையாலோ முன்முடிவாலோ மட்டும் மறுப்பு எழுவதில்லை என்பதற்கு இது வலுவான சான்று. பால்டிமோர் நகரின் பார்க் ஹைட்சு பகுதியை ஆராய்ந்த ரோசனின் நூல் (2020) எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. நலிந்த பகுதிகளில் உரிமையாளர்கள் உதவிச்சீட்டுக் குடும்பங்களை வலிந்து தேடிச் சேர்க்கின்றனர். மாதந்தோறும் தவறாது வரும் அரசின் பங்கே அதற்குக் காரணம். மில்வாக்கி நகரில் உதவிச்சீட்டுக் குடும்பங்களுக்கு மற்றவர்களைவிட மாதம் 51 முதல் 68 டாலர் வரை மிகுதியாக வாடகை விதிக்கப்பட்டதை டெஸ்மண்ட், பெர்கின்ஸ் ஆகியோர் 2016இல் கண்டறிந்தனர். இச்சான்றுகளை ஒருங்கே நோக்கினால், குடும்பங்கள் எப்பகுதிகளிலிருந்து விலக முற்படுகின்றனவோ அப்பகுதிகளின் உரிமையாளர்களுக்கே திட்டம் கவர்ச்சியாக அமைகிறது என்னும் முரண் தெளிவாகிறது.

7. மீண்டும் காப்பை நோக்கி

2010க்குப் பிந்தைய சீர்திருத்தங்கள் 1995இல் நீக்கப்பட்டதை வேறு வடிவில் மீட்கும் முயற்சிகளாக உள்ளன. ஓரிகான் மாநிலம் உதவிச்சீட்டை மறுப்பதைத் தடைசெய்த சட்டத்தோடு இணைத்து, சேதத்திற்கு 5,000 டாலர் வரை ஈடு தரும் நிதியையும் ஏற்படுத்தியது. தடை 2014 சூலையில் நடைமுறைக்கு வந்தது. வாசிங்டன் மாநிலம் 2018இல் இதே வழியைப் பின்பற்றியது. கட்டாயமும் காப்பும் இணைந்தே செல்ல வேண்டும் என்னும் புரிதலை இச்சட்டங்களில் காணலாம். ஆண்டுதோறும் நடந்த ஆய்வை ஈராண்டுக்கு ஒருமுறை நடத்த 2014 முதல் முகமைகளுக்கு இசைவு கிடைத்தது. உயிருக்கு ஊறு விளைவிக்காத குறைகள் இருந்தாலும் குடும்பத்தைக் குடியமர்த்தி, பின்னர் அவற்றைச் சரிசெய்ய 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் இத்திட்டத்தின் மற்றொரு முகத்தைக் காட்டியது. 2020 செப்டம்பர் முதல் 2021 ஆகஸ்டு வரை நடைமுறையில் இருந்த வெளியேற்றத் தடையின்போது, வேலை இழந்த வாடகைதாரர்களை உடைய சிறு உரிமையாளர்கள் பலர் வருவாயின்றித் தவித்தனர். உதவிச்சீட்டுக் குடும்பத்தின் வருமானம் குறைந்தால், மறுகணக்கீட்டில் அதன் பங்கு குறைந்து முகமையின் பங்கு கூடும். எனவே அவ்வீடுகளின் உரிமையாளருக்கு வாடகை பெருமளவு தொடர்ந்து கிடைத்தது. இடரை அரசு ஏற்றுக்கொள்ளும் இடத்தில் சிறு உரிமையாளருக்கு இத்திட்டம் சுமையாக அல்லாமல் அரணாக அமைகிறது என்பதை இதனால் உணரலாம்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. 1965இல் முகமை ஏற்றிருந்த இடர், 1974இல் பகிரப்பட்டு, 1995இல் பெரும்பகுதி உரிமையாளரிடம் வந்து சேர்ந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளருக்கு அளித்த விடுதலை, விலகிக்கொள்ளும் விடுதலையாகவே சிறு உரிமையாளரிடம் செயற்பட்டது. காலதாமதம், ஆய்வு, வாடகை வரம்பு ஆகியவை பெரிய நிறுவனத்திற்கு நிருவாகச் செலவு. சிறு உரிமையாளருக்கு வாழ்வாதாரச் சிக்கல். எனினும் இச்சிக்கல்கள் உண்மையானவை என்பதால் மறுப்புகள் அனைத்தும் நியாயமானவை ஆகிவிடா; பாகுபாடும் உண்மையானதே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாற்று நோக்காகாது.

2000ஆம் ஆண்டில் பெருநகரங்களில் உதவிச்சீட்டைப் பெற்ற குடும்பங்களில் 69 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்தி வீடு பெற முடிந்தது. பின்வந்த ஓர் ஆய்வில் அவ்வளவு 61 விழுக்காடாகக் குறைந்துள்ளது. வீடு கிடைக்காத குடும்பங்களின் சீட்டுகள், விதிக்கப்பட்ட காலம் முடிந்ததும் முகமைக்கே திரும்புகின்றன. அக்குடும்பங்கள் மீண்டும் காத்திருப்போர் வரிசைக்குச் செல்ல நேர்கிறது. சட்டத்தால் உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதா, நிதியால் அவரை ஈர்ப்பதா என்னும் விவாதம் இன்றும் இருமுனையாகவே நடைபெறுகிறது. 1974 முதல் 1995 வரையிலான காலத்தில் குறைகளோடேனும் இரண்டும் இணைந்திருந்தன என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது. தனியார் வீட்டைப் பொதுநலத்திற்குப் பயன்படுத்த முனையும் அரசு, அதன் இடரில் எவ்வளவைத் தான் ஏற்கும் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.